வெறும் மணல்தானே!

ஒரு நிலத்தின்மீது கை வைக்க விரும்புவோர் முதலில் அதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிடுகின்றனர். தரிசு என்பர், பொட்டல் என்பர், புறம்போக்கு என்பர். பெயர் ஒட்டிக்கொண்டபின் மற்றவை எளிதாகிவிடுகின்றன. ஒன்றுமில்லாத இடத்தில் என்ன செய்தால் என்ன? அங்கே கெடுவதற்கு என்ன இருக்கிறது? இக்கேள்விகளைக் கேட்போர் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. அவ்வாறு சூட்டப்பட்ட பெயர்களுள் ஒன்றை 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்க மண்ணில் நம் காதாரக் கேட்டோம். அந்தப் பெயரோடு வழக்காடுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியாகோ நகரில் வாழும் நம் தமக்கையின் மகன் வீட்டில் அப்போது சில வாரங்கள் தங்கியிருந்தோம். நன்றியறிதல் திருநாளை ஒட்டிய விடுமுறை வந்தது. அந்நாட்டார் குடும்பத்தோடு கூடி விருந்துண்ணும் நாள்கள் அவை. “மாமா, பாலைவனம் பார்க்கப் போகலாம்” என்றார் மருமகன். பாலைவனம் என்றவுடன் நம் மனத்தில் எழுந்தது அமைதி. மகிழ்ச்சியோடு புறப்பட்டோம்.

கிழக்கு நோக்கி மலைகளைக் கடந்து இறங்கினால், கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும் இம்பீரியல் பள்ளத்தாக்கு வருகிறது. கொலராடோ ஆற்று நீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து அங்கே கீரையும் காய்கறியும் குதிரைமசாலும் பயிரிடுகின்றனர். வயல்கள் முடியும் இடத்துக்கு அப்பால், சற்றும் எதிர்பாராத வகையில், மணல் மலைபோல் எழுகிறது. அல்கோடோனஸ் மணற்குன்றுகள் என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்; அகலம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்; உயர்ந்த குன்றுகள் 90 மீட்டரைத் தொடுகின்றன. தென்முனை மெக்சிகோ எல்லையையும் தாண்டிச் செல்கிறது. நடுவண் அரசின் நில மேலாண்மைப் பணியகம் இதனை ‘இம்பீரியல் மணற்குன்றுகள் பொழுதுபோக்குப் பகுதி’ என்ற பெயரில் நிர்வகித்து வருகிறது. வண்டிக்காரர்கள், அருகிலுள்ள கிளாமிஸ் என்னும் சிற்றூரின் பெயராலேயே முழு நிலத்தையும் அழைக்கின்றனர்.

நாம் தேடிச் சென்ற அமைதி அங்கே இல்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை வீடுபோன்ற பெருவண்டிகள் அணிவகுத்து நின்றன. அவற்றைச் சுற்றிக் கூடாரங்கள், மின்னாக்கிப் பொறிகள், விளக்குத் தோரணங்கள். மணலின்மீது நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே நேரத்தில் சீறின. நான்கு பருத்த சக்கரங்கள் கொண்ட ஏ.டி.வி. என்னும் மோட்டார் வண்டிகள், இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, பின்னால் பெரிய எஞ்சினைப் பொருத்திய மணல் வண்டிகள், மோட்டார் சைக்கிள்கள். பின்சக்கரங்களில் படகுத் துடுப்பைப் போன்ற பட்டைகள் இருக்கின்றன; மணலை வாரிப் பின்னே எறிந்தே அவ்வண்டிகள் முன்னேறுகின்றன. குன்றின் மறுபுறத்திலிருந்து வருவோர் கண்டு ஒதுங்குவதற்காக ஒவ்வொரு வண்டியிலும் நீண்ட கம்பில் கொடி கட்டவேண்டும் என்பது விதி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடும் வார இறுதி அது என்றனர்.

உண்மையை மறைக்க விரும்பவில்லை. நாமும் ஏறினோம். தலைக்கவசம் அணிவித்து, வார் கொண்டு இருக்கையோடு பிணைத்து, மருமகன் ஒரு குன்றின் உச்சிக்கு நம்மை ஏற்றிச் சென்றார். உச்சியில் ஒரு நொடி வானம் மட்டுமே தெரிந்தது. மறுநொடி வயிறு மேலெழுந்து வர, வண்டி செங்குத்தாகக் கீழிறங்கியது. நாம் உரக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு உண்மையானது. ஆகவே, அந்த இன்பத்தை அறியாதார் எழுதும் கட்டுரை இது என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டா.

கீழே இறங்கியபின், சக்கரத் தடத்தின் ஓரத்தில் வேரோடு கிடந்த ஒரு சிறு செடியைக் கண்டோம். வெள்ளி பூசியது போன்ற சிற்றிலைகள். “இவையெல்லாம் அழிந்துவிடாவா?” என்று கேட்டோம். மருமகன் தீய எண்ணம் சிறிதும் இன்றி, சிரித்துக்கொண்டே சொன்னார்: “வெறும் மணல்தானே, மாமா!”

அந்த ஒரு சொல்லே அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

வெறும் மணலா? முதலில் நம் மொழியையே கேட்போம். நம் முன்னோர் அத்தகைய நிலத்தைப் ‘பாலைவனம்’ என்றனர். வனம் என்பது உயிர்கள் வாழும் இடம். எகிப்தின் மணற்பரப்பில் தவமிருந்த அந்தோனியாரை நம் ஊர்களில் இன்றும் ‘வனத்து அந்தோனியார்’ என்றே அழைக்கிறோம். மரமே இல்லாத இடத்தில் வாழ்ந்தவரை வனத்தோடு சேர்த்துச் சொல்ல நம் மக்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. தங்கள் கண்ணால் கண்டிராத அந்நிலத்தை அவர்கள் வெறுமை என்று கொள்ளவில்லை. அதனை நேரில் காணும் வாய்ப்புப் பெற்ற நாமோ ‘வெறும் மணல்’ என்கிறோம். அறிவு வளர்ந்தது என்று மார்தட்டும் காலத்தில் பார்வை இப்படிச் சுருங்கியது எங்ஙனம்?

அங்கே வாழ்வோர் யாவர் என்று பார்ப்போம். நாம் கண்ட செடியின் பெயரை அன்று நாம் அறியோம். ஆனால் அம்மணலில் வாழும் செடிகளுள் ஒன்று பியர்சன் மில்க்வெட்ச் என்பது. நம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊதாப்பூ பூத்து, காற்றடைத்த பைபோன்ற காய்களைக் காய்க்கும். காய்ந்த காய்கள் காற்றில் உருண்டோடி மணலில் விதைகளைச் சிந்தும்; மழை பெய்யும் ஆண்டுக்காக விதைகள் மணலுக்குள் காத்திருக்கும். அமெரிக்க நாட்டில் இன்று இச்செடி வளர்வதாக அறியப்பட்ட இடம் இந்த மணற்குன்றுத் தொடர் ஒன்றே. கலிபோர்னியா மாநிலம் 1979-ஆம் ஆண்டிலும், நடுவண் அரசு 1998-ஆம் ஆண்டிலும் இதனைக் காக்கப்படவேண்டிய செடிகளின் பட்டியலில் சேர்த்தன.

மற்றொரு செடியும் உண்டு. பச்சை நிறமே இல்லாதது. ஆதலால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. ஆழத்தில் வேறு புதர்களின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழ்ந்து, பூக்கும் பருவத்தில் மட்டும் காளான்போல் மணலுக்கு மேல் தலை காட்டும். அந்தப் பாலையின் தொல்குடி மக்கள் அதன் தண்டைத் தோண்டியெடுத்து உண்டனர். ஆங்கிலத்திலும் அதற்கு ‘மணல் உணவு’ என்றே பெயர் வந்தது. நாம் வெறும் மணல் என்ற இடத்தில் ஒரு மக்கள் கூட்டம் உணவைக் கண்டது.

ஓர் ஓணான் இருக்கிறது. அதன் விரல்களின் ஓரத்தில் சீப்பின் பற்கள்போலச் செதில்கள் வரிசையாக நீண்டிருக்கின்றன. அவற்றின் உதவியால் இளகிய மணலிலும் புதையாமல் ஓடும். பகை கண்டால் மணலுக்குள் மூழ்கி மறைந்துகொள்ளும். பருந்துக்கும் பாம்புக்கும் எதிராகக் காலங்காலமாக அதனைக் காத்துவந்த கலை அது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அசையாமல் கிடக்கும் அவ்வுயிர்மீது சக்கரம் ஏறும்போது, காத்த கலையே கொல்லும் கலையாகிறது. ஓட்டுபவருக்கோ ஒன்றும் தெரிவதில்லை. தாம் எதனையும் கொல்லவில்லை என்று அவர் ஆணையிட்டும் கூறுவார். அவர் கண்டவரை அது பொய்யும் அன்று.

ஒலியின் கதை இன்னும் துயரமானது. பாலையில் வாழும் ஒருவகைத் தேரை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கிறது. கோடை இடி முழங்க, மழை வந்தது என்றறிந்து மேலே வருகிறது. தேங்கிய நீரில் முட்டையிட்டு, விரைந்து தன் வாழ்வை முடித்து, மீண்டும் மண்ணுக்குள் செல்கிறது. 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மண்ணுக்குள் உறங்கிய தேரைகளுக்கு மோட்டார் சைக்கிளின் ஒலிப்பதிவைக் கேட்பித்தனர். இடி என்றெண்ணி அவை வெளியே வந்தன. மழையில்லாத மணலில், பொய் இடியை நம்பி எழுந்து வந்த தேரைக்கு என்ன கதி என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அதே ஆய்வில், மணல் வண்டியின் இரைச்சலைச் சில நிமிடங்களே கேட்ட ஓணான்களின் செவித்திறன் குன்றியது என்றும் கண்டனர்.

“காற்று வீசினால் தடமெல்லாம் மறைந்துவிடும்; மணல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும்” என்பது வண்டிக்காரர் கூறும் முதல் வாதம். பார்வைக்கு இது உண்மையே. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும் காற்றுதான் பழைய கவியா ஏரியின் கரை மணலை வாரிக்கொண்டுவந்து இக்குன்றுகளைக் குவித்தது என்று புவியியலார் கூறுகின்றனர். அக்காற்று இன்றும் வீசுகிறது. காலையில் பார்த்தால் முன்னாள் மாலையின் தடங்கள் இல்லை. ஆனால் தடம் மறைவதும் காயம் ஆறுவதும் ஒன்றா? காற்று மணலைத்தான் நிரவுகிறது. நசுங்கிய முளையை நிமிர்த்துவதில்லை. இதே அல்கோடோனஸ் குன்றுகளில், வண்டி ஓடும் இடங்களையும் ஓடாத இடங்களையும் ஒப்பிட்டு லக்கன்பாக், பரி என்னும் ஆய்வாளர் இருவர் 1983-ஆம் ஆண்டில் ஆய்வு வெளியிட்டனர். செடி, பூச்சி, ஓணான், சிறு பாலூட்டி ஆகிய அனைத்தும் வண்டி ஓடும் இடங்களில் வெகுவாகக் குறைந்திருந்தன. தடயத்தைக் காற்று துடைத்துவிடுவதால் குற்றம் நடக்கவில்லை என்றாகிவிடுமா?

“பாதியை உங்களுக்குக் கொடுத்துவிட்டோமே” என்பது இரண்டாவது வாதம். 78-ஆம் எண் நெடுஞ்சாலை குன்றுத் தொடரைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. அதன் வடபுறத்தில் ஏறத்தாழ 26,000 ஏக்கர் நிலத்தை 1994-ஆம் ஆண்டின் கலிபோர்னியா பாலைநிலப் பாதுகாப்புச் சட்டம் காட்டுநிலமாக அறிவித்தது. அங்கே வண்டி நுழையலாகாது. நல்ல செயல், பாராட்டுகிறோம். ஆனால் கணக்கைச் சற்று முழுமையாகப் பார்ப்போம்.

2000-ஆம் ஆண்டில், இயற்கை காப்பு அமைப்புகள் தொடுத்த வழக்கு உடன்பாட்டில் முடிந்து, மேலும் ஏறத்தாழ 49,000 ஏக்கரில் வண்டி ஓட்டுதல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகளுக்கும் மேல் அந்த ஓய்வு நீடித்தது. பின்னர் 2013-ஆம் ஆண்டில் பணியகம் புதிய திட்டம் வகுத்தது. அதன்படி, அவ்வரிய செடியின் முதன்மை வாழிடம் என்று குறிக்கப்பட்ட ஏறத்தாழ 9,000 ஏக்கரை மட்டும் மூடிவைத்து, எஞ்சியதைத் திறந்துவிட்டனர். வண்டிக்குத் திறந்த நிலம் ஏறத்தாழ 1,27,000 ஏக்கர் ஆயிற்று. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இத்திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதற்குப் பெயர் பாதியா? வாசகரே கூட்டிப் பார்த்துக்கொள்க.

சட்டத்தின் கண்ணில் வழக்கு முடிந்திருக்கலாம். நீதிமன்றம் ஆராய்ந்தது, அதிகாரிகள் சட்டப்படி நடந்தனரா என்பதை. நாம் கேட்பது, செய்தது சரியா என்பதை. மூடியிருந்த நிலத்தைத் திறந்தது தவறு என்பதே நம் துணிவு. ஓய்வு பெற்ற நிலத்தில் உயிர் தழைக்கத் தொடங்கியபின், ‘செடி தழைத்துவிட்டது, இனிக் காவல் எதற்கு’ என்று வாதிடுவோர் உளர். வேலி போட்டதால் பயிர் தழைத்தது. பயிர் தழைத்ததால் வேலியைப் பிடுங்கலாம் என்றால் அதை நம் ஊர் உழவர் எவராவது ஏற்பாரா?

“எத்தனை குடும்பங்கள் இங்கே கூடி மகிழ்கின்றன, பாருங்கள்” என்பது மூன்றாவது வாதம். இதுவே வலிமை மிக்கது. ஏனெனில் இது உண்மை. அன்று மாலை அண்டைக் கூடாரத்தார் நம்மைத் தம் நெருப்பருகே அழைத்து அமரவைத்து உணவு பரிமாறினர். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே போர்வையில் அமர்ந்திருந்தனர். மணலில் சிக்கிய முன்பின் அறியாதவரின் வண்டியை இழுத்துவிட நால்வர் இருளில் ஓடினர். வாரமெல்லாம் பட்டறையிலும் பண்ணையிலும் உழைப்போர் பலர். இவர்களைக் கொடியர் என்று எழுத நம் கை எழாது. இயற்கையைக் காப்போம் என்பார் சிலர், இம்மக்களைக் கல்வியறிவு இல்லாதவர்போல் இகழ்ந்து பேசுவதை வெறுக்கிறோம். அப்பேச்சு தவறு, பயனும் அற்றது.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்த நெருப்பருகே இருந்த அன்புக்கு, 1,27,000 ஏக்கர் நிலத்தில் சக்கரம் ஓடவேண்டியது தேவையா? பாட்டியின் கதைக்கும், பரிமாறிய உணவுக்கும், உதவிய கைகளுக்கும் வண்டியின் வேகத்தோடு என்ன தொடர்பு? கூடாரங்களை ஒட்டி, செடி முளைக்காத திறந்த மணற்பரப்பு மிகுதியாகவே உண்டு. அதற்குள் ஓட்டினாலும் குன்று உயரமாகவே இருக்கும். வயிறும் மேலெழவே செய்யும். கடைக்காரர் பிழைப்புக் கெடும் என்றும் கூறுகின்றனர். பிராலி, எல் சென்ட்ரோ ஆகிய ஊர்களில் எரிபொருளும் உணவும் விற்போருக்கு இப்பருவம் முக்கியமானது என்பதை அறிவோம். வருவோரைத் தடுக்கச் சொல்லவில்லை நாம். ஓடும் எல்லையைக் குறுக்கச் சொல்கிறோம்.

“இது பொது நிலம், எங்கள் வரிப்பணம், யாரும் எங்களைத் தடுக்க முடியாது” என்பது கடைசி வாதம். பொது என்ற சொல்லைப் பற்றி நம் நாட்டாருக்குச் சொல்லவேண்டியதில்லை. பொது ஏரியை அவரவர் ஆக்கிரமித்துக் குட்டையாக்கிய வரலாறு நமக்கு உண்டு. ‘வெறும் மணல்தானே’ என்று சொல்லிச் சொல்லியே நம் ஆறுகளின் மடியை லாரி லாரியாக அள்ளிவிட்டு, கிணறு வற்றியபின் விழித்தோம். பொது என்பதற்கு ‘எனக்கும் உரியது’ என்று பொருள் கொண்டால் போதாது; ‘இனி வருவோர்க்கும் உரியது’ என்பதும் அதன் பொருளே. அமெரிக்க அரசே இதனை ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. பொது நிலங்களில் இத்தகைய வண்டிகளைக் கட்டுப்படுத்துமாறு 1972-இல் குடியரசுத் தலைவர் நிக்சன் ஆணை பிறப்பித்தார். மண்ணுக்கும் உயிர்களுக்கும் பெருங்கேடு நேரும் இடங்களை உடனே மூடவேண்டும் என்று 1977-இல் கார்ட்டர் அவ்வாணையை மேலும் வலுப்படுத்தினார். ஒருவர் குடியரசுக் கட்சியினர். மற்றவர் ஜனநாயகக் கட்சியினர். கட்சி வேறுபாடு கடந்து ஒத்துக்கொண்ட உண்மையை இன்று மறந்துவிடுவது ஏன்?

இக்குன்றுகளின் முன் மனிதன் பணிந்து நடந்த காலமும் இருந்தது. 1915-ஆம் ஆண்டில், கார்கள் மணலைக் கடப்பதற்காக மரப்பலகைகளால் ஒரு பாதை அமைத்தனர். மறு ஆண்டே அதனைத் திருத்தி அமைக்க நேர்ந்தது. ஒரு கார் செல்லும் அகலமே கொண்டது. எதிரே மற்றொன்று வந்தால் இருவரில் ஒருவர் ஒதுங்கும் இடம் வரை பின்வாங்கவேண்டும். மணல் மூடும்போதெல்லாம் பலகைகளைத் துப்புரவு செய்தனர். தேவைப்பட்டால் இடம் மாற்றினர். 1926 வரை அப்பாதையே பயன்பட்டது. அதன் மிச்சத்தை வேலியிட்டு இன்றும் காத்துவருகின்றனர். நூறு ஆண்டுப் பழமையான பலகைக்கு வேலி உண்டு. அதைவிடப் பன்மடங்கு பழமையான உயிர்த் தொடருக்கு வேலி கேட்டால் மட்டும் சினம் எழுகிறது.

நம்மை நோக்கியும் ஒரு கேள்வி வரும். “கடல் கடந்து விமானத்தில் பறந்து வந்த நீரா எங்கள் எரிபொருளைப் பற்றிப் பேசுகிறீர்?” நியாயமான கேள்வி. நம் கைகளும் தூயவை அல்ல. அவ்வண்டியில் ஏறிச் சிரித்ததையும் முன்னரே ஒப்புக்கொண்டோம். ஆனால் பிழை செய்தவர் பிழையைப் பற்றிப் பேசலாகாது என்றால் உலகில் பேச எவரும் மிஞ்சமாட்டார். நம் பிழை நம் வாயை அடைக்கவேண்டா. நம் குரலைச் சற்றுத் தாழ்த்தினால் போதும்.

மறுநாள் விடியற்காலையில் மருமகனை எழுப்பி, “நெடுஞ்சாலையின் வடபுறத்துக்குப் போவோம், வண்டி வேண்டா, நடப்போம்” என்றோம். அரைமனத்தோடு வந்தார். காலணிக்குள் மணல் புகுந்தது. ஒவ்வோர் அடிக்கும் அரையடி பின்னே சறுக்கினோம். முந்தைய நாள் ஓரிரு நொடிகளில் கடந்த உயரத்தை ஏற அரைமணி நேரம் ஆயிற்று. ஞாயிறு எழுந்து ஒளி சாய்வாக விழுந்தபோது, மணற்பரப்பு முழுவதும் எழுத்தாக இருந்தது. வண்டு நடந்த இரட்டைக் கோடு. தாவித் தாவிச் சென்ற சிறு காலடிகள், அவற்றுக்கிடையே வால் இழுத்த மெல்லிய கீற்று. அது கங்காரு எலி என்று பின்னர் அறிந்தோம். நீர் அருந்தாமலே, உண்ணும் விதைகளிலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் ஈரத்தைக் கொண்டே வாழவல்லது அது. ஒரு புதரைச் சுற்றிக் காற்றில் ஆடிய கிளை வரைந்த வட்டம். இரவெல்லாம் அங்கே ஓர் ஊரே விழித்திருந்திருக்கிறது.

மருமகன் நீண்ட நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அத்தடங்களை மிதிக்காமல் சுற்றி நடந்தார். நாம் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், “ஆறு வருஷமாக வருகிறேன், மாமா. இதை ஒரு நாளும் பார்த்ததில்லை” என்றார்.

பார்க்க முடியாததில் வியப்பில்லை. தெற்கே, விடிவதற்குள் காற்று நிரவியதை விடிந்ததும் சக்கரம் கலைத்துவிடுகிறது. அந்த விளையாட்டைப் பற்றி நாம் கூறும் பெருங்குறை இதுவே. நிலம் வெறுமை என்று நம்பினால்தான் அதன்மீது மனச்சுமையின்றி ஓட்ட முடியும். ஓட்டிக்கொண்டே இருந்தால் அது வெறுமை என்றே தோன்றும். நாளடைவில் வெறுமையாகவே ஆகியும் விடும். பொய்யாகத் தொடங்கிய ஒரு சொல்லை, நாமே முயன்று மெய்யாக்கிக் காட்டுகிறோம்.

இது எங்கோ தொலைவில் நடப்பது, நமக்கென்ன என்று வாசகர் கருதவேண்டா. இன்று நம் பங்குகளில் அயல்நாட்டில் பிள்ளைகள் இல்லாத வீடுகள் குறைவு. துபாயிலும் ஷார்ஜாவிலும் பணிபுரிவோர், ஊரிலிருந்து வரும் பெற்றோரை ஒரு மாலைப்பொழுது மணற்குன்றுச் சவாரிக்கு அழைத்துச் செல்வதைக் கடமையாகவே கொண்டுள்ளனர். குன்றுமேல் ஜீப் பாய்ந்து இறங்கும், பின்னர் கூடாரத்தில் விருந்து. படம் எடுத்து அனுப்புவர். அன்போடு செய்கிறார்கள். அந்த அன்பை மறுக்கச் சொல்லமாட்டோம். ஆனால் அடுத்த முறை அழைக்கும்போது ஒரு சொல் கேளுங்கள்: “வண்டி போகலாம் என்று ஒதுக்கிய வழியில்தான் போகிறதா? செடி இருக்கும் இடத்தை விட்டு விலகிப் போவார்களா?” இயன்றால், இறக்கிவிடச் சொல்லி அரைமணி நேரம் நடந்து பாருங்கள். முதியவரால் நடக்க இயலாவிடின், எஞ்சினை நிறுத்தச் சொல்லி அமைதியாக அமர்ந்திருங்கள். கொடுத்த பணத்துக்கு அதைவிடப் பெரிய காட்சி கிடையாது.

அல்கோடோனஸ் நிலத்தைப் பொறுத்தவரை நம் கோரிக்கை எளியது. 2000-ஆம் ஆண்டில் மூடிய பகுதியை மீண்டும் மூடவேண்டும். கூடாரங்களை அடுத்த திறந்த மணலில் விளையாட்டு தொடரட்டும். செடி நிற்கும் இடத்தில் சக்கரம் நிற்கட்டும். இதனால் எவருடைய விருந்தும் குறையாது. எந்தக் குழந்தையின் சிரிப்பும் மங்காது. அயல்நாட்டாராகிய நம் கோரிக்கைக்கு அங்கே வாக்கு இல்லை என்பதை அறிவோம். நம் பிள்ளைகள் பலருக்கு அங்கே வாக்கு உண்டு. பொதுமக்கள் கருத்தை அரசு கேட்கும்போது எழுத அவர்களுக்குக் கையும் உண்டு.

அதற்கெல்லாம் முன்பாக, நாம் ஒவ்வொருவரும் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. ‘வெறும்’ என்ற அந்தச் சொல்லை நாவில் எடுக்குமுன் சற்று நிற்போம். வெறும் மணல், வெறும் புதர், வெறும் குட்டை, வெறும் புறம்போக்கு என்று எவரேனும் சொல்லும்போது, “விடியற்காலையில் அங்கே போய்ப் பார்த்தீரா?” என்று கேட்போம். பார்த்தவர் அச்சொல்லை இரண்டாம் முறை சொல்லமாட்டார். நம் மருமகன் சொல்வதில்லை.